காணாமற்போன இரண்டேகால் மணி நேரம்

(ஒரு பழைய மாணவன்)

நம் கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு கட்டுரை எழுதி விடுக்குமாறு அதன் ஆசிரியர் கடிதம் எழுதியபோது, யாது எழுதுவதென்று அறியாது சில நாள் மயங்கினேன். இலக்கியம் ஆராயும் ஆற்றல் என்னிடம் இல்லை. பிற நாடு சென்று கண்ட புதுமைகளும் இல்லை. தென்பாண்டி நாட்டில் பால் பதஞ்செய்யும் ஆலையொன்றில், கருவிகளையும் அவற்றின் கணக்கைக் காக்கும் கணினிகளையும் பழுதின்றி வைத்திருப்பதே என் பிழைப்பு. அப்பணியில் யான் செய்த பிழையொன்று 2019-ம் ஆண்டில் வெளிப்பட்டது. அப்பிழையால் குற்றமற்ற முதியவர் ஒருவர் ஐந்து நாள் பழி சுமந்து நின்றார். பிறர் பிழையை எடுத்துரைத்துப் புகழ் கொள்வதினும் தன் பிழையைத் தானே எடுத்துரைத்தல் படிப்போர்க்குப் பயன்படும் என்னும் துணிவினால், அதனையே ஈண்டு எழுதப் புகுகின்றேன். நண்பர்கள் பொறுத்தருள்க.

முதலில் எங்கள் ஆலையின் தொழிலைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஊர்களிலிருந்து வரும் பச்சைப் பாலில் நோய் விளைக்கும் நுண்ணுயிர்கள் இருத்தல் கூடும். அவற்றை அழித்தற்பொருட்டு, மெல்லிய எஃகுத் தகடுகளின் இடையே பாலை ஓடவிட்டு, 72 பாகை செல்ஷியஸுக்குக் குறையாத வெப்பத்தில் 15 விநாடியேனும் வைத்திருந்து, பின்னர் 4 பாகையளவிற்குக் குளிரச் செய்கின்றோம். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1864-ம் ஆண்டையொட்டித் திராட்சை மதுவைக் கெடாது காத்தற்குக் கண்ட முறையின் வழித்தோன்றலே இது. ஆதலின் அவர் பெயராலேயே பாஸ்டரைசேஷன் என்று வழங்குகின்றது. பாலின் வெப்பம் குறித்த அளவிற்குக் கீழே இறங்குமாயின், குழாயின் முடிவிலுள்ள திருப்பு வால்வு தானே திரும்பி, அப்பாலை முன்னே செல்லவிடாது மீண்டும் தொடக்கத்துத் தொட்டிக்கே அனுப்பிவிடும்.

இவையெல்லாம் செவ்வனே நடந்தன என்பதற்குச் சான்று வேண்டுமன்றோ? முற்காலத்தில் வட்டமான காகிதமொன்று கடிகார விசையாற் சுழல, மை தோய்ந்த முள்ளொன்று வெப்பத்தின் ஏற்ற இறக்கத்தை அதன்மீது கோடாக வரைந்துகொண்டிருக்கும். இக்காலத்தில் எங்கள் ஆலையில் அவ்வேலையைக் கண்காணிப்பு மென்பொருள் செய்கின்றது. குழாயிலுள்ள வெப்ப உணரி அளந்ததைப் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏற்கின்றது; அதனிடமிருந்து, பால் காய்ச்சும் அறையிலுள்ள சேகரிப்புக் கணினி ஐந்து விநாடிக்கு ஒருமுறை எண்ணைப் பெறுகின்றது; பெற்றதைத் திரையிற் காட்டுவதோடு, அலுவலகக் கட்டிடத்திலுள்ள களஞ்சியக் கணினிக்குக் கம்பி வழியே அனுப்புகின்றது. களஞ்சியத்தில் ஒவ்வோர் எண்ணும் அதற்குரிய நேரமுத்திரையோடு ஆண்டுக்கணக்கிற் பாதுகாக்கப்படும். நேரமில்லாத எண், நாள் குறிக்காத பத்திரம் போல்வது. எவரும் அதனை ஏற்கார்.

நிற்க. 2019-ம் ஆண்டு ஜூன் மாதத்து ஒருநாட் காலையில், தர அதிகாரி முதல் நாள் இரவுக்குரிய அறிக்கையை எடுத்துப் பார்த்தார். இரவு 2 மணி வரையிற் கோடு சீராகச் சென்றிருந்தது. 2 மணி முதல் 4 மணி 15 நிமிடம் வரையில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைத்தாள். 4-15-க்கு மேல் மீண்டும் கோடு தொடங்கி விடியும்வரை சென்றிருந்தது. எங்கள் இயந்திரம் மணிக்கு 5,000 லிட்டர் பாலைக் காய்ச்சுவது. ஆகவே, 11,250 லிட்டர் பால் உரிய வெப்பத்தைக் கண்டதா இல்லையா என்று சொல்லுதற்குச் சான்றில்லாமற் போயிற்று. ஆய்வுகூடத்தார் பாஸ்பட்டேஸ் சோதனை செய்து பார்த்து, அப்பாலிற் குறையில்லை என்றனர். ஆயினும் தர அதிகாரி இணங்கவில்லை. “சோதனை ஒரு கிண்ணத்துப் பாலைப் பற்றிச் சொல்லும், பதிவு ஒவ்வொரு விநாடியைப் பற்றியும் சொல்லும். பதிவில்லாத வேலை செய்யாத வேலையே,” என்று கூறி, அப்பாலை மீண்டும் காய்ச்சுமாறு திருப்பி அனுப்பினார். அவர் செய்தது முறையே என்பதில் எனக்கு ஐயமில்லை.

அன்றிரவு இயந்திரத்தை இயக்கியவர் முப்பது ஆண்டுக்கு மேல் அவ்வாலையிற் பணியாற்றியவர். ஓய்வுபெற நான்கு திங்களே எஞ்சியிருந்தன. நாங்கள் அனைவரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். பதிவை நிறுத்தும் பொத்தான் அவர் அறையிலுள்ள கணினியிலேயே இருந்தது. பாலின் வெப்பம் குறைந்ததை மறைத்தற்பொருட்டு அவரே பதிவை நிறுத்திவைத்து, எல்லாம் சரியானபின் தொடங்கியிருத்தல் வேண்டும் என்று மேலாளர் ஐயுற்றார். எனினும் ஒருவரைக் குற்றஞ்சாட்டுமுன் கருவியிற் குறையுண்டாவென்று அறிதல் கடமையென்று கருதி, என்னை அழைத்து ஆராயச் சொன்னார்.

யான் ஆராய்ந்தேன். எங்ஙனம் ஆராய்ந்தேன் என்பதை மறைக்காமற் சொல்லுகின்றேன். அலுவலகத்தில் என் நாற்காலியில் அமர்ந்தபடியே களஞ்சியக் கணினியைத் திறந்தேன். தட்டில் இடமில்லாமற் போனால் பதிவு நின்றுவிடும். ஆதலின் முதலில் அதனைப் பார்த்தேன். பாதிக்கு மேல் இடமிருந்தது. களஞ்சிய மென்பொருள் இடையில் நின்று தொடங்கியதா என்று பார்த்தேன். அது பல வாரங்களாக இடையறாது ஓடிக்கொண்டிருந்தது. மற்றப் பகுதிகளின் பதிவுகள், பாய்லர், குளிர்பதன அறை முதலியவை, அவ்விரவிற் குறைவின்றி இருந்தன. பின்னர்ப் பிழைக்குறிப்பேட்டை விரித்து, 2 மணிக்கும் 4-15-க்கும் இடைப்பட்ட வரிகளை மட்டும் தேடினேன். பால் காய்ச்சும் அறையிலிருந்து எண் வருவது 2 மணிக்கு நின்றது என்னும் ஒரே வரி இருந்தது.

அதன்மேல் ஒரு தருக்கம் கட்டினேன். “சேகரிப்புக் கணினிக்கும் களஞ்சியத்துக்கும் இடையே கம்பி இணைப்பு அறுமாயின், சேகரிப்புக் கணினி எண்களைத் தன்னிடமே சேமித்துவைத்து, இணைப்பு மீண்டபின் ஒருங்கே அனுப்பும். இங்கே அங்ஙனம் யாதும் களஞ்சியத்தை அடையவில்லை. ஆகவே, இணைப்பு அறவில்லை. பதிவு கையால் நிறுத்தப்பட்டது.” இதனை எழுதிக் கையொப்பமிட்டு மேலாளரிடம் கொடுத்தேன். தருக்கத்தின் படிகள் ஒன்றோடொன்று பொருந்தியே இருந்தன. ஆனால் முதற்படி மெய்யா என்று யான் சோதிக்கவில்லை. அனுப்பப்பட்டதும் ஏற்கப்பட்டதும் ஒன்றே என்று கொண்டுவிட்டேன். அந்தத் தாளைச் சான்றாக வைத்து, ஏழு நாளில் விளக்கம் தருமாறு அண்ணாச்சிக்கு மெமோ கொடுத்தனர். ஓய்வூதியக் காலத்துப் பணப்பயன்கள் நிறுத்திவைக்கப்படலாம் என்றும் அதிற் கண்டிருந்தது. அவரோடு உணவருந்திக்கொண்டிருந்தவர்களிற் சிலர் வேறு மேசைக்குச் சென்றனர்.

ஐந்தாம் நாள் மாலை அண்ணாச்சி என் அறைக்கு வந்தார். கையில் நீண்ட, அட்டை கிழிந்த நோட்டு ஒன்று இருந்தது. “தம்பி, இது அன்றைக்கு நான் எழுதின கணக்கு. கணினி வந்தபின் இதை எழுதவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பழக்கத்தால் எழுதிக்கொண்டு வருகிறேன். விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை. நீங்களாவது ஒருமுறை பாருங்கள்,” என்று மேசைமீது வைத்தார். சினமோ அழுகையோ அவர் குரலில் இல்லை.

நோட்டைப் புரட்டினேன். கால் மணிக்கு ஒருமுறை வெப்பத்தைத் திரையிற் கண்டு எழுதியிருந்தார். காணாமற்போன காலத்திற்கு மட்டும் ஒன்பது வரிகள் இருந்தன. அவற்றின் இடையே, 2-40-க்கு வெப்பம் 70.8 பாகைக்கு இறங்கியதும், திருப்பு வால்வு திரும்பியதும், நீராவி வால்வைத் தாம் சரிசெய்ததும், 2-52-க்குப் பால் மீண்டும் முன்னோக்கிச் சென்றதும் குறிக்கப்பட்டிருந்தன. என் நெஞ்சு சிறிது அதிர்ந்தது. குறையை மறைக்க எண்ணிப் பதிவை நிறுத்தியவர், அக்குறையைத் தம் கையாலேயே நிமிடக்கணக்கோடு எழுதிவைப்பாரோ?

பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் மற்றொரு குறிப்பும் இருந்தது: கணினிக் கடிகாரம் 4 நிமிடம் கூடுதல், இங்கே எழுதியது சுவர்க் கடிகாரப்படி. “இதை ஏன் எழுதினீர்கள், அண்ணாச்சி?” என்று வினவினேன். “நேரம் எழுதும்போது எந்தக் கடிகாரம் என்று எழுத வேண்டாமா, தம்பி? இரண்டும் வேறாக இருக்கிறதே. நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது?” என்றார்.

கேட்கவேண்டிய கேள்வி அது, கேட்கவேண்டியவன் யான். அவரை அழைத்துக்கொண்டு பால் காய்ச்சும் அறைக்குச் சென்றேன். சேகரிப்புக் கணினியின் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தியே காட்டிற்று. அதனைத் திருத்துவோம் என்று கடிகார அமைப்பைத் திறந்தேன். நேரமண்டலம் என்ற இடத்தில் இந்தியா என்று இருத்தல் வேண்டும். அங்கே கிரீன்விச் என்று இருந்தது. திருத்தப் போன கை அப்படியே நின்றுவிட்டது. அக்கணினியை அங்கே வைத்தவன் யானே என்பது நினைவிற்கு வந்தது.

எட்டுத் திங்களுக்கு முன், 2018-ம் ஆண்டு அக்டோபரில், அவ்வறையிலிருந்த பழைய கணினி பழுதுற்றது. வாயிலிற் பால் வண்டிகள் வரிசையாய் நிற்க, யான் விரைந்து புதிய கணினியொன்றை நிறுவினேன். அதன் கடிகாரம் ஐந்தரை மணி பின்தங்கியிருந்தது. ஏன் பின்தங்கியது என்று எண்ணாமல், என் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளை முன்னே தள்ளுவதுபோல் நேரத்தை மாற்றிவிட்டுச் சென்றேன். அரை நிமிட வேலை. திரையில் நேரம் சரியாகத் தோன்றிற்று. யாரும் குறை காணவில்லை.

இதன் தீங்கை விளக்குதற்கு நாம் பூகோள வகுப்பிற் கற்றதை நினைவுகூர்தல் வேண்டும். பூமி 360 பாகை சுழல 24 மணி ஆதலின், ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் ஆகின்றது. இந்தியாவின் பொது நேரம் கிரீன்விச்சுக்குக் கிழக்கே 82½ பாகையிலுள்ள தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவதால், 330 நிமிடம், அஃதாவது ஐந்தரை மணி, முந்தியிருக்கின்றது. 1906-ம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் இம்முறை ஏற்கப்பட்டது. அதற்கு முன் இந்நாட்டு ரயில் வண்டிகள், 1792-ம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் நேரத்தைக் கொண்டே ஓடிவந்தன. ஊர்தோறும் ஒரு நேரம் இருந்தால் வண்டிகள் ஒன்றோடொன்று மோதும் என்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

கணினிகளும் இவ்வுண்மையை அறிந்தே அமைக்கப்பட்டுள்ளன. களஞ்சியங்கள் பொதுவாக உலகப் பொதுநேரத்தையே உள்ளே வைத்துக்கொண்டு, பார்ப்போருக்கு அவரவர் நாட்டு நேரமாக மாற்றிக் காட்டும். எங்கள் களஞ்சியமும் அத்தகையதே. சேகரிப்புக் கணினியோ தான் கிரீன்விச்சில் இருப்பதாக நம்பியிருந்தது. அதன் முகத்தில் இந்திய நேரத்தை யான் எழுதிவிட்டேன். அதனால் இந்தியாவில் இரவு 2 மணி ஆகும்போது, கிரீன்விச்சிலேயே 2 மணி என்று அது கொண்டது. கிரீன்விச்சில் 2 மணி என்றால் நமக்குக் காலை 7-30 அன்றோ? நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு விநாடியாக எட்டுத் திங்களில் நான்கு நிமிடம் முந்தியதையும் கூட்டினால் 7-34 ஆகின்றது. ஆக, அக்கணினி உலகத்தைவிட 5 மணி 34 நிமிடம் முன்னே வாழ்ந்துகொண்டிருந்தது.

அங்ஙனமாயின் எட்டுத் திங்களாக இஃது ஏன் வெளிப்படவில்லை என்று நண்பர்கள் வினவலாம். விடை இதுவே: எங்கள் ஆலையில், இணைப்பு உள்ளவரையில், எண் வந்து சேரும்போது களஞ்சியமே தன் கடிகாரத்தைக் கொண்டு முத்திரையிடுமாறு அமைத்திருந்தோம். களஞ்சியத்தின் கடிகாரம் செம்மையானது. இணைப்பு அற்ற காலத்தில் மட்டுமே சேகரிப்புக் கணினி தன் கடிகாரத்தால் முத்திரையிட்டு எண்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஆகவே, பிழை உறங்கிக் கிடந்தது. இணைப்பு அறுந்தபோதுதான் விழித்தது.

மீண்டும் களஞ்சியத்தின் பிழைக்குறிப்பேட்டைத் திறந்தேன். இம்முறை 4-15-ஓடு நிறுத்தாமல் அதற்கு மேலும் படித்தேன். 4-16-க்கு வரிவரியாக ஒரே செய்தி இருந்தது: வருங்கால நேரமுடைய எண், ஏற்கப்படவில்லை. பத்து நிமிடத்திற்கு மேல் முந்திய நேரமுடைய எதனையும் ஏற்கலாகாது என்பது களஞ்சியத்தின் விதி. அவ்விதி நல்லதே, நாளைய தேதியிட்ட ரசீதை எந்தக் கணக்கர் ஏற்பார்? அன்று 4-16-க்கு வந்து சேர்ந்த எண்களோ 7-34 முதல் 9-49 வரையுள்ள நேரங்களைத் தாங்கி வந்தன. அனைத்தும் வாயிலிலேயே திருப்பப்பட்டன. ஐந்து நாளுக்கு முன்பே இதனை யான் கண்டிருக்கலாம். எண் காணாமற்போன நேரத்தை மட்டும் தேடினேன். அது திருப்பப்பட்ட நேரம் அதற்கு ஒரு நிமிடம் பின்னே நின்றது.

இணைப்பு அறுந்தது எங்ஙனம் என்பதும் அன்றிரவே விளங்கிற்று. நடைக்கூடத்தில் உள்ள நெட்வொர்க் சுவிட்ச் என்னும் சிறு பெட்டியின் செருகியைப் பிடுங்கி, அவ்விடத்தில் தரை கழுவும் இயந்திரத்தைச் செருகி வேலை செய்து, முடிந்தபின் முன்போலவே செருகி வைத்ததாக, துப்புரவுப் பணியாளர் கேட்டவுடனே சொன்னார். 2 மணிக்குத் தொடங்கி நாலேகாலுக்கு முடிப்பது அவரது வழக்கமான வேலை. வேறோரிடத்துச் செருகுவாய் அன்று பழுதாயிருந்ததால் இங்கே வந்தார். அவர்மேற் குற்றமில்லை. அப்பெட்டியைப் பூட்டிய அறைக்குள் வைத்து யூ.பி.எஸ். மின்சாரத்தில் இணையாமல், எல்லோருக்கும் பொதுவான செருகுவாயில் விட்டது எங்கள் பிரிவின் குற்றம்.

இனிச் செய்யவேண்டியது, திருப்பப்பட்ட எண்களைத் தேடுவது. எங்கள் மென்பொருளில், களஞ்சியம் ஏற்காத பொதிகள் சேகரிப்புக் கணினியில் தனியான ஓரிடத்தில் ஏழு நாள் கிடக்கும். அதன்பின் தாமே அழியும். அன்று ஐந்தாம் நாள். அவ்விடத்தைத் திறக்கும்போது என் விரல்கள் நடுங்கின என்று சொன்னால் நம்புவீர்களாக. அண்ணாச்சி என் நாற்காலியின் பின்னே நின்றுகொண்டிருந்தார். பொதிகள் இருந்தன. வெப்பத்திற்கு மட்டும் 1,620 எண்கள். ஐந்து விநாடிக்கு ஒன்றாக இரண்டேகால் மணிக்கு வரவேண்டிய தொகை அதுவே.

உடனே களஞ்சியத்திற் சேர்த்துவிட யான் துணியவில்லை. ஒருமுறை விரைந்து செய்ததன் பயனைக் கண்டவன் மறுமுறை விரையலாகாது. முதலில் பொதிகளை வேறொரு தட்டில் படியெடுத்து வைத்தேன், மூலத்தைத் தொடவில்லை. பின்னர்ப் படியிலுள்ள ஒவ்வொரு நேரத்திலிருந்தும் 5 மணி 34 நிமிடத்தைக் கழித்து, சோதனைக்கென உள்ள தனிக் களஞ்சியத்தில் இட்டுக் கோடாக வரையச் செய்தேன். 2 மணியில் நின்ற கோட்டின் நுனியும் இதன் தொடக்கமும் ஒன்றின; முடிவும் 4-15-இல் ஒன்றிற்று. நடுவே, 2-40-ஐ ஒட்டி ஒரு பள்ளம். மிகத் தாழ்ந்த எண் 70.8, 2-52-இல் வால்வு மீண்டும் முன்னோக்கித் திரும்பியது. யான் கணினித் திரையைப் பார்த்துப் படிக்கப் படிக்க, அண்ணாச்சி தம் நோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டே வந்தார். ஒன்பது வரிகளும் பொருந்தின. குறைந்த வெப்பமுடைய பாலில் ஒரு துளியும் முன்னே செல்லவில்லை என்பதும், இயந்திரமும் மனிதரும் தத்தம் கடமையைச் செய்தனர் என்பதும் ஐயமற விளங்கின.

அன்றிரவே என் பழைய அறிக்கையை மீட்டுக்கொள்வதாக மேலாளருக்கு எழுதினேன். பதிவை ஒருவரும் நிறுத்தவில்லை என்றும், 2018-ம் ஆண்டு அக்டோபரில் யான் நேரமண்டலத்தை அமைக்காமல் விட்டதே காரணம் என்றும், சேகரிப்புக் கணினியை நேரிற் சென்று பாராமலே முன்பு கருத்துரைத்தேன் என்றும் ஒளியாமல் எழுதினேன். எழுதுவதற்குமுன் சிறிது நேரம் தயங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். “நேர அமைப்பில் ஒரு குறை காணப்பட்டது” என்று பொதுவாக எழுதினால் என் பெயர் வெளிவராது. செயப்பாட்டு வினை பல குற்றவாளிகளுக்கு நிழல் தரும் மரமல்லவா? ஆனால் முன்னைய அறிக்கையில் அண்ணாச்சியின் பெயரை யான் பொதுவாக எழுதவில்லையே என்று நினைத்தபோது தயக்கம் நீங்கிற்று.

மேலாளர் பெருந்தன்மையுடையவர். மறுநாட் காலை மெமோவைத் திரும்பப் பெற்று, அச்செய்தியை அறிவிப்புப் பலகையில் எல்லோரும் காண ஒட்டச்செய்தார்; என்னையும் கடிந்தார்; ஓராண்டு ஊதிய உயர்வும் நின்றது. யான் அண்ணாச்சியிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “சரி தம்பி, அந்தக் கடிகாரத்தைத் திருத்தியாயிற்றா?” என்று மட்டும் கேட்டார். திருத்தியாயிற்று என்றேன். “அப்படியானால் நோட்டின் ஓரத்தில் எழுதுவதை இன்றோடு நிறுத்திவிடலாம்,” என்று சொல்லி இயந்திரத்தண்டை சென்றார்.

பின்னர் எட்டுத் திங்களின் பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சில விநாடியும் சில நிமிடமுமாக மேலும் சில இடைவெளிகள் அகப்பட்டன. அவற்றை யாரும் காணாமைக்குக் காரணம், அரை மணிக்குக் குறைந்த இடைவெளியை நேர்க்கோட்டால் இணைத்து வரையுமாறு அறிக்கை அமைக்கப்பட்டிருந்ததே. கோடு அழகாக இருந்தது. அடியில் எண் இல்லை. அவ்வமைப்பை மாற்றி, எண் இல்லாத இடத்தை வெற்றிடமாகவே காட்டச் செய்தோம். எல்லாக் கணினிகளும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுமாறு இணைத்தோம். திங்களுக்கு ஒருமுறை நாங்களே கம்பியைக் கால் மணி நேரம் பிடுங்கிவைத்து, விடுபட்ட எண்கள் முழுவதும் வந்து சேர்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கும் வழக்கத்தையும் மேற்கொண்டோம். காப்பு உண்டு என்று நம்பியிருத்தல் வேறு. அக்காப்புக் காக்கின்றதா என்று சோதித்தல் வேறு.

தாமிரபரணிக் கால்வாயின் கடைமடையில் நீர் வரவில்லையென்றால், உழவர் அணைக்கட்டைப் பார்த்துவிட்டு “நீர் விட்டாயிற்று” என்று சொல்லி வீட்டிற்குத் திரும்பார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, மடைமடையாக நடந்து, எந்த மடைவரை நீர் வந்தது, எந்த மடையில் நின்றது என்று காலால் மிதித்துப் பார்ப்பர். எண்களின் ஓட்டமும் அத்தகையதே. உணரி, பெட்டி, சேகரிப்புக் கணினி, கம்பி, களஞ்சியம், அறிக்கை என்னும் ஒவ்வொரு மடையிலும் வந்தது எவ்வளவு, சென்றது எவ்வளவு என்று எண்ணினால், பிழை தானே அகப்படும். யான் நாற்காலியில் இருந்தபடி மனிதரைப் பிழையென்றேன். நடந்து சென்று பார்த்தபோது பிழை என்னிடம் இருந்தது.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் ஆசிரியர் ஒருவர் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. கண்ட எண்ணைக் கண்டபோதே எழுதுக. எந்தக் கருவியிற் கண்டது என்பதையும் எழுதுக. தவறாயின் சுரண்டி அழியாமல், ஒற்றைக் கோட்டால் அடித்து, அருகிற் சரியானதை எழுதிக் கையொப்பமிடுக என்பார். மதிப்பெண் பெறுதற்குரிய சடங்கென்று அதனை யாம் நகைத்ததுண்டு. அப்பாடத்தைக் கல்லூரியிற் பயின்ற யான் மறந்தேன். பள்ளியிறுதி வகுப்பையும் காணாத அண்ணாச்சி முப்பது ஆண்டு கடைப்பிடித்தார்.

மீட்ட எண்களைக் களஞ்சியத்திற் சேர்த்தபோது அப்பாடத்தை நினைவுகூர்ந்தேன். அந்த இரண்டேகால் மணி நேரக் கோட்டின்மீது ஒரு குறிப்பை இணைத்தேன்: இவ்வெண்களின் நேரம் 5 மணி 34 நிமிடம் பின்தள்ளித் திருத்தப்பட்டது, காரணம் இன்னது, திருத்தியவன் இன்னான், ஒப்பிட்டது இரவு ஷிப்டுக் கையேடு. அக்கோட்டை எவர் எப்பொழுது எடுத்துப் பார்த்தாலும் என் பெயரும் உடன் தோன்றும். தோன்றட்டும். அண்ணாச்சி 2019-ம் ஆண்டு அக்டோபரில் நற்பெயரோடும் உரிய பணப்பயன்களோடும் ஓய்வு பெற்றார். கால் மணிக்கு ஒருமுறை கையால் எழுதும் நோட்டு எங்கள் ஆலையில் மீண்டும் விதியாயிற்று. அதன் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் எந்தக் கடிகாரம் என்று குறித்தற்கு ஓரிடம் அச்சிடப்பட்டுள்ளது.

நம் கல்லூரி நீடு வாழ்க!